பின்கழுத்தில் ஒரு பாரமானி

தலையணைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் காக்கை விரட்டக் குச்சி, எதிரே பழைய வேட்டியை விரித்து அதன் மேல் என் தலையணை. கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போட வேண்டும், பிடிப்பு இறங்கிவிடும் என்பது என் மனைவி தையல்நாயகியின் சாத்திரம். அவளுடையது மட்டும் என்ன, ஊருக்கே அதுதான் சாத்திரம். பிடித்திருப்பது என் கழுத்து, காய்வது இலவம்பஞ்சு. இரண்டுக்கும் நடுவே எந்தக் கம்பி ஓடுகிறது என்று நான் கேட்டதே இல்லை. வானிலை ஆபீசில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காற்று எந்தத் திசை, ஈரம் எவ்வளவு, வானத்தை எட்டுப் பங்கு போட்டால் மேகம் அதில் எத்தனை பங்கு, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன், ஒருத்தன் சொன்னான் என்று எதையும் நம்பினதில்லை. இந்தத் தலையணை விஷயத்தில் மட்டும் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. இன்று காலை பல் தேய்க்கக் குனிந்தபோது வலது பக்கம், பிடரிக்கும் காதுக்கும் நடுவில், யாரோ பெருவிரலை வைத்து அழுத்தினாற்போல இருந்தது. நிமிர்ந்தேன். விரல் விலகவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. இல்லை, தெரிந்தது என்று சொல்லக்கூடாது, தெரிந்தது வேறு, பயந்தது வேறு. பயந்தேன். இன்று மத்தியானம் தையலுக்குக் கண் ஆபரேஷன். புரை. வலது கண்ணில் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை, இடதிலும் படரத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் நின்றுபோனது. இரண்டு தடவையும் காரணம் நான். என் தலை. ஒற்றைத் தலைவலி வந்து இருட்டறையில் கிடந்தேன், மகன் ஷார்ஜாவில், கூட வேறு ஆள் இல்லை. நீங்கள் கூட இல்லாமல் ஆபரேஷனில் முகத்தை மூடுகிற அந்தத் துணிக்கு அடியில் போய்ப் படுக்க மாட்டேன் என்கிறாள் இவள். பிடிவாதம் இல்லை, பயம். மூன்றாவது தேதி இன்று. பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தொட்டதற்கே எரிச்சலாக வந்தது. தஞ்சாவூர் டாக்டரம்மா கொடுத்தது. போன வாரம் தையல் என்னை இழுத்துக்கொண்டு போனாள், கண் தெரியாதவள் கண் தெரிகிறவனைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றினாள். நிலோபர் என்று பெயர், சின்னப் பெண், பேச்சு மட்டும் பழுத்த பேச்சு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கழுத்து எலும்புக்கு நடுவில் தேய்மானம், எல்லாம் பலூனால் வந்த வினை, அதுதான் தலைக்கு ஏறுகிறது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வேலை அப்படி. மேல்காற்றை அளக்க தினமும் பலூன் விடுவோம், அது புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்து தொடர வேண்டும். சர்வீஸ் முழுக்க அண்ணாந்த கழுத்து. அந்த அம்மாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இந்தத் தேய்மானம் இல்லாட்டித்தான் சார் ஆச்சரியம்" என்றாள். பிறகு, "தலைவலி வர்றதுக்கு முந்தி கொட்டாவி வருமா? இனிப்பு கேக்குமா? எரிச்சல் வருமா?" என்று அடுக்கினாள். நான் வாயைத் திறக்குமுன் தையல் முந்திக்கொண்டாள். "எரிச்சல் தினமும் வரும் டாக்டர். அதை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ நிறத்தில் போட்டிருந்தான். மூளை அந்த நிறமாகவா இருக்கும். "கழுத்துதாம்மா முதல்ல" என்றேன். "எப்பவும் கழுத்துதான். அது பிடிக்கும், அப்புறம் அரை நாள்ல தலைக்கு ஏறும்." அவள் பேனாவை மூடினாள். "முதல்ல வர்றதெல்லாம் காரணம் ஆயிடுமா சார்?" அவ்வளவுதான் கேட்டாள். கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. யாரிடம் கேட்கிறாள். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆபீசைச் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் சொல்லிவிட்டு, ஆனால் தட்டானா மழையைக் கொண்டுவருகிறது, காற்றில் ஈரம் கூடினால் பூச்சி தாழ இறங்கும், அதைப் பிடித்துத் தின்னத் தட்டான் தாழ இறங்கும், தட்டானை அடித்துக் கொன்றால் மழை நின்றுவிடுமா என்று அதட்டியிருக்கிறேன். அப்படி அதட்டினவன் வீட்டுக்கு வந்து கழுத்துக்குத் தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, பட்டை கட்டி, தலையணையைக் காயப்போட்டு, இத்தனை வருஷமாகத் தட்டானைத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மழை பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்திருக்கிறது.

காக்கை. சூ. போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. எவ்வளவு சுலபமாகத் திருப்புகிறது கழுத்தை. நான் அதைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது, நாற்காலியோடு. தலை என்ன கனம் இருக்கும் என்று கேட்டதற்கு டாக்டரம்மா ஒரு நல்ல பறங்கிக்காய் கனம் என்றாள். ஒரு பறங்கிக்காயை ஒரு மூங்கில் கழி மேல் நிறுத்தி, அதை விழாமல் எல்லாப் பக்கமும் திருப்பி, குனிந்து, நிமிர்ந்து, அதற்குள்ளேயே கண்ணையும் காதையும் நாக்கையும் வைத்து, தூங்கும்போது மட்டும் இறக்கி வைத்து, இப்படியொரு ஏற்பாட்டை எவன் போட்டான். போட்டவன் லேசான ஆள் இல்லை. மேலே முதல் எலும்பு வளையமாக இருக்குமாம், அதற்குள் அடுத்த எலும்பு ஒரு முளையை நீட்டிக்கொண்டு நிற்குமாம், இல்லை என்று நாம் தலையை ஆட்டுவதெல்லாம் அந்த முளையைச் சுற்றித்தானாம். நான் வாழ்நாளில் எத்தனை தடவை இல்லை சொல்லியிருப்பேன். அத்தனையும் ஒரு முளை மேல். கேட்டபோது சிரிப்பு வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. அதைவிட அடுத்துச் சொன்னதுதான். என் தலைக்குப் பின்னால் வந்து நின்று, "தொடட்டுமா சார்" என்று கேட்டு, பிடரியில் ஒரு விரல் வைத்தாள். "இங்கேருந்து வர்ற நரம்பு." பிறகு புருவத்துக்கு மேல் இன்னொரு விரல். "இங்கேருந்து வர்ற நரம்பு. ரெண்டும் உள்ளே போய்ச் சேர்ற இடம் ஒண்ணு. கழுத்து மேலே ஏறி மூளையைத் தொடுற இடத்துல. ஒரே ரூம், ரெண்டு வாசல். உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்த வாசல்ல தட்டுறாங்கன்னு சமயத்துல தெரியறதில்லை." அதனால் உள்ளே தலைவலி தொடங்கும்போதே கழுத்து வலிக்கிறதாகத் தோன்றுமாம். கழுத்திலிருந்து தலைக்கு ஏறவில்லை. தலை, கழுத்தில் ஒலிக்கிறது. நான் கேட்டேன், அப்போ என் கழுத்து சும்மாவா வலிக்குது, பொய்யா. "பொய் இல்லை சார். நிஜமா வலிக்குது. கிளம்பின இடம்தான் வேற. சிலருக்குக் கழுத்தே காரணமாவும் இருக்கும். உங்களைப் பார்த்தா அப்படித் தோணலை." கிளம்பின இடம் வேறு. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீடாமங்கலம்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ஆபீசில் தந்தி வரும், கரையோர ஸ்டேஷன் ஒவ்வொன்றிலிருந்தும், ஐந்தைந்து எண்ணாகக் கோத்து. முதல் ஐந்து, எந்த ஸ்டேஷன் என்று சொல்லும் எண். அது அழிந்துபோனால் எந்த ஊர்க் காற்று, எந்த ஊர் மழை என்று யாருக்கும் தெரியாது. செய்தி சரியாக இருக்கும், ஊர் தெரியாது. அதுபோல எனக்குள் ஒருவன், நான் பிறந்ததிலிருந்து, ஊர்ப்பெயர் அழிந்த தந்திகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு, கழுத்தா நெற்றியா என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை நினைத்தால் பாவமாக இருந்தது. மரியாதையாகவும் இருந்தது. ஒரு நாள் லீவு எடுத்திருக்கமாட்டான்.

"என்ன சார், தலையணைக்கு டூட்டியா?" பக்கத்து மாடி ஜெசிந்தா. மோர்மிளகாய் காயப்போட வந்திருக்கிறாள். "ஆமா" என்றேன். "கழுத்தா?" "ஆமா." "அக்காவுக்கு இன்னைக்குத்தானே ஆபரேஷன். அய்யோ, உங்களுக்கு இன்னைக்கேவா பிடிக்கணும்." அவள் சொன்னதில் குற்றம் இல்லை, இருந்தாலும் சுருக்கென்றது. "எங்க வீட்டுக்காரரை மேல வரச் சொல்லவா சார்? ரெண்டு கையால தாடையைப் பிடிச்சு ஒரே திருப்பு. மடக்குனு சத்தம் கேக்கும். போயிடும்." "எது போயிடும்?" என்றேன். "கழுத்து வலி சார்." "கழுத்தே போயிடும்." அவள் கையில் மிளகாயோடு நின்று சிரித்தாள். "உங்களுக்கு எதிலேயும் நம்பிக்கை கிடையாது. தலையணையில மட்டும் எப்படி வந்துச்சு?" நல்ல கேள்வி. யாரும் உங்கள் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள், சலூனில்கூட, அதில் ஓடும் ரத்தக்குழாய்க்கு ஆகாது என்று டாக்டரம்மா எச்சரித்ததை இவளுக்குச் சொல்லலாம். சொல்லவில்லை. பேச்சு நீளும். அவள் மிளகாயைப் பரப்புகிற ஓசை, சொரசொரவென்று, காதுக்குள் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. கொஞ்சம்தான். அல்லது நான் காது கொடுத்ததால் அதிகமாகக் கேட்டதா. கொட்டாவி வந்தது. ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் இட்லிக்குச் சர்க்கரை கேட்டேன், இப்போது நினைவுக்கு வருகிறது, சட்னியை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரை கேட்டேன், தையல் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டு ஒரு நொடி அப்படியே நின்றாள். அந்தக் கண்ணால் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. நின்றாள். பிறகு உள்ளே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு படியேறினாள், சுவரைத் தடவித் தடவி. நான் எழுந்து வாங்கியிருக்கலாம். கழுத்து.

சரி, போட்டுக்கொள்ள வேண்டியதுதானே மாத்திரையை. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாள். இதயத்துக்கு எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். "கழுத்து பிடிக்கும், கொட்டாவி வரும், இது ரெண்டும் சேர்ந்து வந்தா, உங்களுக்கே தெரியும் இது அதுதான்னு, அப்ப போடுங்க. தலை வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. வலி ஏறின பிறகு போட்டா மாத்திரை வயித்துல சும்மா கிடக்கும்." அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வராத தலைவலிக்கு மாத்திரை. என் சர்வீசில் பெய்யாத மழையை எழுதினதில்லை. சின்ன வயசில் சீனியர் ஒருவர் இருந்தார், பொன்னம்பலம் என்று, மேற்கே கருகும்போது, வரும் சார், இதோ வந்துவிடும், என்று நான் பென்சிலை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். "நாம அப்சர்வர்டா. ஜோசியன் இல்லை. வரும்ங்கறதைச் சொல்ல மெட்ராஸ்ல ஆள் இருக்கான். வந்ததைச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்." அது எலும்பில் இறங்கிவிட்டது. மழைமானிக் குடத்தில் துளி விழ வேண்டும், விழுந்ததை அளக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். வானம் முழுக்க மூடியிருக்கும், மழைவாசனை மூக்கில் ஏறும், எழுதமாட்டேன். அப்படிப்பட்டவன் இப்போது வெள்ளைவெளேரென்று வெயில் அடிக்கிற மாடியில், தலை தெளிவாக இருக்கும்போது, அந்தத் தலைக்கு மாத்திரை போட வேண்டுமாம். வெறும் சுளுக்காக இருந்தால்? ராத்திரி ஒருச்சாய்ந்து படுத்திருப்பேன். நிஜமாகவே தலையணைதான் காரணமாக இருந்தால்? மாத்திரை போட்டு, தலைவலி வராமல் இருந்தால், அது மாத்திரையால் வராமல் போனதா, அல்லது வருவதாகவே இல்லையா? எப்படித் தெரியும்? வராததை எப்படி அளக்கிறது? பொன்னம்பலம் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். பையிலிருந்து எடுத்தேன், பார்த்தேன், மறுபடி பையில் போட்டேன். எவ்வளவு சின்னது. பச்சைப்பயறு அளவு.

ஆனால் அது வரும்போது எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயம். முதன்முதலாக வந்தபோது கல்யாணம்கூட ஆகவில்லை. பலூன் விட்டுத் தொலைநோக்கிக் கருவியில் கண்ணை வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தேன், வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது, வெள்ளைப் பலூன், கடலை நோக்கி. பலூனுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மின்னியது. விமானம் என்று நினைத்தேன். பொட்டு வளைந்தது. வளைந்து, ரம்பப் பல் போல, கோட்டை மதிலின் மேல்விளிம்பு போல, கோணல் கோணலாக ஓர் அரைவட்டம், உள்ளே நிறமில்லாத நிறங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. பலூனை விழுங்கிவிட்டது. கருவியிலிருந்து கண்ணை எடுத்தேன், மதில் வெறும் வானத்திலும் இருந்தது. வலது கண்ணை மூடினேன், இருந்தது. இடதை மூடினேன், இருந்தது. இரண்டையும் மூடினேன். இருட்டில் இன்னும் பிரகாசமாக இருந்தது. வானத்தில் இல்லை. என்னிடம் இருந்தது. அந்த நிமிஷம் பயம் வரவில்லை, இப்போதும் சத்தியமாகச் சொல்வேன், வாய் பிளந்து நின்றேன். இவ்வளவு அழகான ஒன்று இதுவரை எங்கே இருந்தது, எனக்குள் எவன் இதை வரைகிறான், எதற்கு, யார் பார்க்க. மெல்ல விரிந்து விரிந்து ஓரத்துக்குப் போய்க் கரைந்தது. அதற்குப் பிறகுதான் வலி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பக்கத் தலை, ஒரு கண், வாந்தி. வெளிச்சம் ஊசியாக இறங்கும். அடுத்த அறையில் ஒருத்தர் முருங்கைக்காய் நறுக்குகிறது மண்டைக்குள் நறுக்குகிறமாதிரி இருக்கும். அன்றைக்கு, இப்போதுதான் உறைக்கிறது, அன்றைக்குக் காலையிலிருந்தே கழுத்து பிடித்திருந்தது. அண்ணாந்து பார்த்ததால் என்று எழுதிக்கொண்டேன். அண்ணாந்ததற்கு முன்பே பிடித்திருந்தது. சவரம் செய்யும்போதே. சவரம் செய்தது நினைவிருக்கிறது, தாடைக்கு அடியில் போக முடியாமல் ஒரு பக்கம் விட்டுவிட்டேன். அப்படியானால் பலூன் பாவம். எத்தனை பலூன்களை வைதிருப்பேன்.

பொங்கலுக்குப் பிறகு வந்ததே, போன தடவை. அன்றும் இதே தலையணை, இதே வேட்டி. பதினோரு மணிக்குக் கழுத்துப் பிடிப்பு இறங்கவில்லை, மதில் எழுந்தது. தையல் பையெல்லாம் கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள், மாற்றுப்புடவை, சீப்பு, பிளாஸ்க், விபூதிச் சம்புடம். நான் உள்ளே போய்ப் படுத்தேன். ஆட்டோக்காரன் வந்து ஹாரன் அடித்தான், அந்த ஒலி கழுத்தில் நுழைந்து கண் வழியாக வெளியேறியது. "வேண்டாம் தம்பி, இன்னைக்கு இல்லை" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு வந்து ஜன்னலைச் சாத்தி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். போடும்போது துணி கண்ணில் பாதி, மூக்கில் பாதி விழுந்தது. அவளுக்கு என் நெற்றி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கையால் தேடினாள். மூக்கு, புருவம், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சரியான இடத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். இன்று இன்னொரு தடவை வேண்டாம் என்றால் அவள் அதற்குப் பிறகு தேதியே கேட்கமாட்டாள். எனக்குத் தெரியும் அவளை. போதும், இருக்கிற கண் போதும் என்பாள். கண் டாக்டர் சொன்னார், இன்னும் முற்றவிட்டால் சிக்கல் என்று. இருக்கிற கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. சட்டைப்பையைத் தடவினேன். பயறு இருக்கிறது. வரட்டும், மதில் எழட்டும், எழுந்த கணமே போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. அப்போது வந்ததற்குப் போட்டதாக இருக்கும். நியாயமாக இருக்கும். வயிற்றில் சும்மா கிடக்கும், அது வேறு. நியாயம் முக்கியமா. இவளுடைய கண்ணைக் காட்டிலுமா. கழுத்தில் விரல் இன்னும் அழுத்துகிறது. கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறதா. காதுக்குப் பின்னால். தொட்டால் வலி இல்லை. தொடாத இடத்தில் வலி.

அந்தப் புயல். எந்தப் புயல் என்று பெயர் வேண்டாம், கரையில் எல்லாருக்கும் ஒரு புயல் இருக்கும். கார்த்திகை மாசம், வானம் இதே மாதிரிதான் இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. எட்டில் பூஜ்யம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பாரமானி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றின் கனத்தை அளக்கிற பாதரசக் குழாய், அது ஆபீசில் சாமி மாதிரி, தொடாமல் குனிந்து பார்ப்போம். இறங்கியது. மறுபடி பார்த்தேன், இன்னும் இறங்கியிருந்தது. பொன்னம்பலம் வந்து பார்த்தார். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்து, "எழுது. அவசரம்னு போட்டு அனுப்பு" என்றார். நான் சொன்னேன், சார், வானத்துல ஒண்ணும் இல்லையே, வராத புயலை எழுதக்கூடாதுன்னு நீங்கதானே. அவர் என்னைப் பார்த்த பார்வை. "புயல்னு யாருடா எழுதச் சொன்னா? பாரமானி இறங்கியிருக்கா இல்லையா? இறங்கினது நடந்துபோச்சா இல்லையா? நடந்ததை எழுது." எழுதினேன். ராத்திரிக்குள் கூரைகள் பறந்தன. இதை நான் மறக்கவில்லை. கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் பாரமானி எது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கழுத்து. குச்சியைக் கீழே வைத்தேன். கழுத்து பிடித்திருக்கிறதா, பிடித்திருக்கிறது. கொட்டாவி வந்ததா, வந்தது. சர்க்கரை கேட்டேனா, கேட்டேன், சாட்சி இருக்கிறது. இதெல்லாம் வரப்போவதா? இல்லை. வந்தது. டாக்டரம்மா சொன்னதே அதுதான், கழுத்து பிடிக்கும்போதே தொடங்கியாச்சு என்றாள். நான்தான் தலைவலி என்றால் தலையில் வலிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவலி ஏற்கெனவே வந்து, ஓசைப்படாமல் ஏறி, கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. இது ஜோசியம் இல்லை, அளவு. பாதரசம் இறங்கிவிட்டது. எழுதலாம். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வெயில் அடிக்கிற வானத்தின் கீழே, ஒருவருக்கும் கேட்காமல், எனக்குள் ஒரு புயல் எங்கோ ஆழ்கடலில் சுழன்றுகொண்டிருக்கிறது, அதன் செய்தி முதலில் வந்து சேர்ந்திருப்பது பிடரியில் ஒரு விரலளவு இடத்துக்கு. இத்தனை வருஷமாக ஒவ்வொரு தடவையும் தவறாமல் வந்திருக்கிறது. தைலம் தேய்த்து அழித்திருக்கிறேன். எழுந்தேன். உடம்போடு திரும்பினேன். "என்ன சார், அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க, தலையணை?" என்றாள் ஜெசிந்தா. "காக்கை தூக்கிட்டுப் போகட்டும்" என்றேன்.

படி இறங்குவது ஒரு வேலை. தலையை ஆட்டாமல், பறங்கிக்காயை ஏந்திக்கொண்டு. தையல் கூடத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். காலோசை கேட்டு நிமிர்ந்தாள், முகம் என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி. "தண்ணி" என்றேன். செம்பை நீட்டினாள். மாத்திரை உறை கிழிகிற சத்தம் கேட்டதும் அவள் கை பையின் மேல் அப்படியே நின்றது. "வந்துடுச்சா?" என்றாள். குரல் மெதுவாக இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி அவிழ்க்கத் தயாரான குரல். "இல்லை." "தலை வலிக்குதா?" "கழுத்து." "கழுத்துக்கு எதுக்கு அந்த மாத்திரை? தலை வலிச்சாதானே போடணும்?" இவளுக்கு எப்படிச் சொல்வது, ஒரே அறை, இரண்டு வாசல், ஊர்ப்பெயர் அழிந்த தந்தி. எனக்குப் பேச வராது. "கழுத்துதான் தலைவலி" என்றேன். விழுங்கினேன். பிறகு, "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு" என்றாள். ஆனால் பையின் முடிச்சை இறுக்கினாள்.

இப்போது காத்திருப்பு. இது மாடியில் இருந்ததைவிட மோசம். போட்டாகிவிட்டது. ஆட்டோவில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டேன். கண்ணின் ஓரத்தை வேவு பார்த்துக்கொண்டே வந்தேன். வெளிப்பாளையம் திருப்பத்தில் ஒரு மின்னல், திடுக்கிட்டேன், பார்த்தால் எவர்சில்வர் கடையில் தொங்கவிட்ட குடம். வெயில் அதில் பட்டுத் தெறித்தது. ஊசி இறங்கும் என்று கண்ணை இடுக்கினேன். இறங்கவில்லை. திறந்து பார்த்தேன். குடம். வெளிச்சம். அவ்வளவுதான். வயிற்றில் குமட்டல் உண்டா, இல்லை, இல்லை என்று சொன்னதும் லேசாக இருப்பதுபோல், விடு, பஸ் புகை. கழுத்து வலித்துக்கொண்டுதான் இருந்தது, நெஞ்சில் லேசாக ஓர் இறுக்கம் வந்து போனது, அப்படி வரும், பயப்படாதீர்கள், நிற்காமல் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள், நின்றுவிட்டது. கழுத்து மட்டும் விடவில்லை. விரல் அங்கேயே இருந்தது. ஆனால் ஏறவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே வரவில்லை. ஒருவேளை வருவதாகவே இல்லையோ. ஒருவேளை வெறும் சுளுக்கோ. தெரியாது. இனி எப்போதும் தெரியாது. இந்த நாளைத் திரும்ப ஒரு தடவை மாத்திரை இல்லாமல் நடத்திப் பார்க்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்று தெரியாமல் இருந்தும் எனக்கு எரிச்சல் வரவில்லை. இதுவும் ஓர் அதிசயம்தான். "என்ன பேச்சையே காணோம்?" என்றாள் தையல். "எப்ப பேசினேன்" என்றேன். "அதுவும் சரி."

ஆஸ்பத்திரியில் பச்சை பெயிண்ட் அடித்த நீள வராந்தா. வரிசையாகக் கிழவர்கள், கிழவிகள், ஒவ்வொரு நெற்றியிலும் எந்தக் கண் என்று தெரிய ஒரு துண்டு பிளாஸ்திரி. டியூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. வழக்கமான நாளாக இருந்தால் அந்தத் துடிப்பு ஒன்றே போதும் என்னைக் கீழே தள்ள. வேண்டுமென்றே நிமிர்ந்து பார்த்தேன். துடிக்கட்டும். மணி பன்னிரண்டு போய் ஒன்று போனது, மதில் எழவில்லை. வயசான நர்ஸ் ஒருத்தி வந்து, "தையல்நாயகி, கூட வந்தது யாரு?" என்று கேட்டாள். தையல் அவசரமாக என் பக்கம் கையை நீட்டித் துழாவினாள். என் முழங்கை அகப்பட்டது. "நான்" என்றேன். எழுந்து நின்றேன். கையெழுத்து கேட்டாள், போட்டேன். பச்சைத் தொப்பியை மாட்டி, தையலைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். தொப்பிக்குள் அவள் தலை எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது. அதையும் ஒரு கழுத்துதான் தாங்கிக்கொண்டு போகிறது, நரைமுடி பிடரியில் ஒட்டி, தாலிச்சரடு பதிந்த கோடு தெரிய. இத்தனை வருஷத்தில் அவள் கழுத்தை நான் பின்னாலிருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. கதவு வராந்தாவின் கோடியில், வலது பக்கம். பார்க்க வேண்டுமென்றால் வலது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினேன். நன்றாக வலித்தது. திருப்பினபடியே நின்றேன். கதவருகில் அவள் நின்றுவிட்டாள். திரும்பினாள், நான் இருக்கும் இடத்துக்கு இல்லை, ஜன்னல் பக்கம், வெளிச்சம் இருந்த பக்கம்.

"இருக்கீங்களா?" என்றாள்.

வராந்தா முழுக்கக் கேட்கிறமாதிரி, "இருக்கேன்" என்றேன்.